நடுவுல கேமராவ ஏன் காட்டுறாங்க? ஈரானிய சினிமாவ வெச்சு ஒரு விளக்கம்

2025 மே மாசம் கான் திரைப்பட விழாவுல ஈரான் டைரக்டர் ஜாஃபர் பனாஹிக்கு அங்க குடுக்குற பெரிய விருதான தங்கப்பனை கிடைச்சதுல இருந்து, அவரோட பழைய படங்களையும், அவர் அசிஸ்டென்டா வேலை பார்த்த அப்பாஸ் கியரோஸ்தமியோட படங்களையும் நிறைய பேர் தேடிப் பிடிச்சுப் பார்க்குறாங்க. பார்த்துட்டு கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான். நல்லா போயிட்டிருந்த படத்துல திடீர்னு ஷூட்டிங் யூனிட்டே தெரியுது, சவுண்டு விட்டு விட்டு வருது, நடிச்சிட்டிருந்த சின்னப் பொண்ணு இனிமே நடிக்க மாட்டேன்னு எழுந்து போயிடுது, இது படமா, டாக்குமெண்டரியா, இல்ல நமக்குக் கிடைச்ச காப்பிதான் கெட்டுப் போச்சா?

காப்பி நல்லாத்தான் இருக்கு. குழம்புனது உங்க தப்பும் இல்ல. அந்த இடத்துல பார்க்குறவங்க ஒரு நிமிஷம் தடுமாறணும்னு நினைச்சே அப்படி எடுத்திருக்காங்க. ஏன் தடுமாற வைக்கணும், அதனால படத்துக்கு என்ன கிடைக்குது, இது ஏன் ஈரான்ல இவ்ளோ ஆழமா வேர் விட்டுச்சுன்னு அடியில இருந்து பார்ப்போம்.

## சாதாரணப் படம் எப்படி வேலை செய்யுது

ஒருத்தர் வாசக்கதவத் திறக்குறாரு, அடுத்த ஷாட்ல வீட்டுக்குள்ள நுழையிறாரு. வாசல ஒரு ஊர்ல எடுத்திருப்பாங்க, உள்பக்கத்த பத்து நாள் கழிச்சு செட்டுல எடுத்திருப்பாங்க, ஆனா நமக்கு ஒரே மூச்சுல நடந்த மாதிரிதான் தெரியும். ரெண்டு பேர் பேசுற சீன்ல அவங்க ரெண்டு பேரையும் இணைக்குற கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்துலதான் கேமரா இருக்கும், தாண்டாது, டம்ளர்ல காபி எவ்ளோ இருந்துச்சு, சட்டையில எந்தப் பட்டன் கழண்டிருந்துச்சுன்னு குறிச்சு வைக்கவே அசிஸ்டென்ட் ஒருத்தர் நோட்டோட நிப்பாரு. இதுக்குப் பேரு கன்டினியூட்டி. இவ்ளோ மெனக்கெடுறதும் ஒரே விஷயத்துக்காகத்தான், கேமரான்னு ஒண்ணு இருக்குறதையே நாம மறக்கணும்.

எக்ஸ்பெரிமென்டல் சினிமா கை வைக்கிறது இங்கதான். 1960ல வந்த பிரெஞ்சு டைரக்டர் கோதாரோட 'ப்ரெத்லெஸ்' படத்துல கார் சீன் ஒண்ணு இருக்கு. முன் சீட்ல உட்கார்ந்திருக்குற பொண்ண கேமரா பின்னாடி இருந்து பார்க்குது, அவ கழுத்தும் தலைமுடியும் அதே இடத்துல இருக்க, வெளிய தெரியுற தெரு மட்டும் டக்கு டக்குனு மாறிக்கிட்டே போகுது. படம் ரொம்ப நீளமா வந்துட்டதால சுருக்க வேண்டிய கட்டாயம் இருந்துச்சு, கோதார் முழு சீன்களத் தூக்காம சீனுக்குள்ளயே துண்டு துண்டா வெட்டிட்டாரு. அதத்தான் இன்னைக்கு ஜம்ப் கட்னு சொல்றோம். அன்னைக்கு எடிட்டிங் தெரியாதவன் வேலை மாதிரி இருந்தது, இப்ப யூடியூப்ல பேசுறவங்க எல்லாரும் பண்றாங்க, யாருக்கும் உறுத்தறதே இல்ல.

## மூணு வார்த்தை, மூணு வேற அர்த்தம்

எக்ஸ்பெரிமென்டல், போஸ்ட்மாடர்ன், இண்டிபெண்டன்ட் மூணையும் ஒரே அர்த்தத்துல போட்டுக் குழப்புறது ரொம்ப சகஜமா இருக்கு.

1. எக்ஸ்பெரிமென்டல்னா உருவத்துல சோதனை. ஷாட், கட், சவுண்டு, நேரம் இதையெல்லாம் வேற மாதிரி பயன்படுத்திப் பார்க்குறது. படத்த இப்படியும் எடுக்கலாமாங்கிறதுதான் அதோட கேள்வி.

2. போஸ்ட்மாடர்ன், அதாவது பின்நவீனத்துவம், கேக்குறது வேற கேள்வி. இந்தக் கதைய சொல்ல நீ யாரு, நீ சொல்றத நான் ஏன் நம்பணும்? பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார் 1979ல இத பெருங்கதையாடல்கள் மேல நம்பிக்கை போன நிலைன்னு விளக்குனாரு. மதமோ, முன்னேற்றமோ, புரட்சியோ, எல்லாத்தையும் ஒரே கதையில அடக்கிடலாம்ங்கிற நம்பிக்கை ஆட்டம் கண்டுடுச்சுங்கிறாரு. சினிமாவுல இது எப்படி வருதுன்னா ஒரே சம்பவத்த ரெண்டு மூணு விதமா காட்டுறது, நிஜத்தையும் புனைவையும் கோடு தெரியாம கலக்குறது, படம் எடுக்குறதப் பத்தியே படம் எடுக்குறது, பழைய படங்களோட பாணிய எடுத்து மாத்தி ஆடுறது.

3. இண்டிபெண்டன்ட்னா பட்ஜெட் கம்மின்னு மட்டும் அர்த்தம் இல்ல, கடைசி முடிவு யார் கையில இருக்குங்கிறதுதான் விஷயம். மலையாள டைரக்டர் ஜான் ஆபிரகாம் கேரளாவுல ஒடேசாங்கிற சினிமாக் கூட்டமைப்ப வெச்சு ஊர் ஊரா மக்கள்கிட்டயே காசு திரட்டி 1986ல 'அம்ம அறியான்' எடுத்தது ஒரு வழி. ஈரான்ல நிலைமை வேற, கியரோஸ்தமி வளர்ந்ததே குழந்தைகளோட அறிவு வளர்ச்சிக்காக நடத்தப்பட்ட கானூன்ங்கிற அரசு சார்ந்த நிறுவனத்துலதான். ஆனா அங்க வசூல் நெருக்கடி இல்ல, ஸ்டார் இல்ல, அதனால கிடைச்ச சுதந்திரம் பெருசு.

பார்க்குறவங்க கிட்ட நேரா பேசுறது நமக்குப் புதுசு கிடையாதுங்கிறதையும் இங்கயே சொல்லிடணும். தெருக்கூத்துல கட்டியங்காரன் கதைக்குள்ளயும் இருப்பாரு, வெளிய வந்து கூட்டத்துகிட்டயும் பேசுவாரு, வேஷம் கட்டி வர்றவரு நான் இன்னார்னு தானே பாடிச் சொல்லிட்டுத்தான் ஆட ஆரம்பிப்பாரு. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த சனம் அதனால கதைய விட்டு விலகிடல. சினிமாதான் வந்து, இருட்டுல உட்கார வெச்சு, இது நடிப்புன்னு தெரியக் கூடாதுன்னு நம்மள பழக்கிடுச்சு.

## ஈரான்ல இது ஏன் நடந்துச்சு

இத ஏதோ அறிவுஜீவி விளையாட்டுன்னு ஒதுக்குறவங்க கவனிக்க வேண்டிய பகுதி இது. அங்க இருந்த சட்டதிட்டங்கள்தான் டைரக்டர்கள இந்தப் பக்கம் தள்ளுச்சு.

1. 1979 புரட்சிக்கு அப்புறம் திரையில வர்ற பெண்கள் எப்பவும் தலைய மூடியிருக்கணும். வீட்டுக்குள்ள, புருஷன் பிள்ளைங்க முன்னாடி, நிஜத்துல யாரும் முக்காட்டோட இருக்குறதில்ல. அப்ப வீட்டுக்குள்ள எடுக்குற எந்த சீனா இருந்தாலும் முதல் ஃப்ரேம்லயே பொய்யாயிடுது. கியரோஸ்தமி வீட்ட விட்டு ரோடு, மலை, கார்னு கேமராவ வெளிய கொண்டு போனதுக்கு இது முக்கியமான காரணம், காருக்குள்ள பொண்ணு தலைய மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா அது நிஜம்தானே.

2. நிஜத்துல உறவு இல்லாத ஆண் நடிகரும் பெண் நடிகையும் தொட்டுக்க முடியாது. அம்மாவா நடிக்கிறவங்க வளர்ந்த பையனக் கட்டிப் பிடிக்கவும் முடியாது. காதல், துக்கம், ஆறுதல் எல்லாத்தையும் தூரத்துல வெச்சே காட்டணும்.

3. ஸ்கிரிப்டுக்கு அனுமதி, ஷூட்டிங்குக்கு அனுமதி, ரிலீஸுக்கு அனுமதின்னு படிப்படியா கலாச்சார அமைச்சகத்தத் தாண்டணும்.

பொய் சொன்னாத்தான் படம் எடுக்க முடியும்ங்கிற நெலமையில ஒரு நேர்மையான டைரக்டர் என்ன பண்ணுவாரு? இது எடுக்கப்பட்டது, நான் எடுத்தேன், இதோ என் கேமரா, இதோ என் மைக்னு பார்க்குறவங்ககிட்ட ஒத்துக்குறதுதான் மிச்சம் இருக்குற வழி. மேற்கத்திய போஸ்ட்மாடர்ன் படங்கள் நிறைய, எல்லாமே நகல்தான், நிஜம்னு ஒண்ணு கிடையாதுங்கிற இடத்துல போய் நின்னுடும். ஈரான் படங்கள் அதே டெக்னிக்க எடுத்து நிஜத்துக்குக் கிட்ட போகப் பயன்படுத்துச்சு. என்னோட கருத்துல இந்த வித்தியாசம் புரிஞ்சாத்தான் அந்தப் படங்களே புரியும்.

## 'க்ளோஸ்-அப்': ஏமாத்தினவர், ஏமாந்தவங்க, எல்லாரும் நிஜம்

இந்த மொத்த விஷயத்தையும் ஒரே படத்துல கத்துக்கணும்னா 1990ல கியரோஸ்தமி எடுத்த 'க்ளோஸ்-அப்' போதும். நடந்த சம்பவம் இதுதான். டெஹ்ரான்ல வேலை இல்லாம இருந்த சப்ஸியான்ங்கிறவரு பஸ்ல ஒரு படத்தோட திரைக்கதைப் புத்தகத்தப் படிச்சிட்டிருக்காரு. பக்கத்துல இருந்த அம்மா அது எங்க கிடைக்கும்னு விசாரிக்க, இத எழுதுனதே நான்தான், நான்தான் மொஹ்சென் மக்மல்பாஃப்னு ஒரு பொய்யச் சொல்லிடுறாரு. மக்மல்பாஃப் அப்ப அங்க ரொம்பப் பேரு வாங்கின டைரக்டர். பொய் அதோட நிக்கல, அவங்க வீட்டுக்கே போக வர ஆரம்பிக்கிறாரு, உங்க வீட்டுலயே படம் எடுக்கப் போறேன், உங்க பையன நடிக்க வைக்கிறேன்ங்கிறாரு, கொஞ்சம் பணமும் வாங்கிக்கிறாரு. சந்தேகம் வந்து, கடைசியில பத்திரிகைக்காரர் ஒருத்தர் போலீஸோட வந்து பிடிச்சுக் குடுக்குறாரு.

பத்திரிகையில இந்தச் செய்திய வாசிச்ச கியரோஸ்தமி, எடுக்க இருந்த வேற படத்த ஓரம் வெச்சுட்டு கேமராவத் தூக்கிட்டு ஜெயிலுக்குப் போயிட்டாரு. கோர்ட்டு விசாரணைய எடுக்க அனுமதி வாங்குனாரு. அதுக்கு மேல, நடந்து முடிஞ்ச சம்பவங்கள சம்பந்தப்பட்டவங்களையே வெச்சு திரும்ப நடிக்க வெச்சாரு. ஏமாத்தினவரா அவரே நடிக்கிறாரு, ஏமாந்த குடும்பமா அந்தக் குடும்பமே நடிக்குது. நிஜ சம்பவத்தையும் மறுபடி நடிச்சதையும் இப்படிக் கலக்குறதுக்கு டாக்கு-ஃபிக்ஷன்னு பேரு.

இதுல மூணு இடத்தக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும்.

முதல் சீன். பத்திரிகைக்காரரும் ரெண்டு போலீஸும் டாக்ஸியில அந்த வீட்டுக்கு வர்றாங்க, கைது நடக்கப் போகுது, வேற எந்தப் படமா இருந்தாலும் கேமரா முதல் ஆளா உள்ள ஓடியிருக்கும். இங்க கேமரா வெளிய டாக்ஸி டிரைவரோடயே நின்னுடுது. அவரு காரத் திருப்பி நிறுத்துறாரு, வானத்தப் பார்க்குறாரு, தெருவோரம் குவிஞ்சு கிடக்குற சருகுல இருந்து ரெண்டு பூவப் பொறுக்குறாரு. அங்க கிடந்த காலி ஸ்ப்ரே டப்பாவக் காலால தட்டி விட, அது சரிவுல கடகடன்னு உருண்டுக்கிட்டே போகுது, அது நிக்கிற வரைக்கும் கேமரா அதையே பார்த்துட்டிருக்கு. பேப்பர்ல வந்த நியூஸ் எல்லாம் உள்ள நடந்தத சொல்லும், ஆனா அத நாம பார்க்கலங்கிறதத்தான் இந்த சீன் உணர வைக்குது. ரொம்ப நேரம் கழிச்சு அதே கைது வீட்டுக்குள்ள இருந்து காட்டப்படும், அப்ப சப்ஸியான் முகத்துல தெரியுற பதட்டத்தப் பார்க்கும்போது அவரு நமக்குக் குற்றவாளியா தெரிய மாட்டாரு, ஏன்னா நடுவுல கோர்ட்டுல அவரு பேச்சக் கேட்டுட்டோம். நேர்கோடு இல்லாம கதை சொல்றது, அதான் நான்-லீனியர், இங்க சஸ்பென்ஸுக்காக இல்ல, நம்ம தீர்ப்பு மாறுறத நாமளே கவனிக்கிறதுக்காக இருக்கு.

ரெண்டாவது கோர்ட்டு. கியரோஸ்தமி சப்ஸியான்கிட்ட வெளிப்படையாவே விளக்குறாரு, ஒரு கேமரா மொத்தக் கோர்ட்டையும் எடுக்கும், இன்னொண்ணு உன் முகத்த மட்டும் கிட்டத்துல எடுக்கும், மத்தவங்களுக்குப் புரியாதுன்னு நீ நினைக்கிறத இந்தக் கேமராகிட்ட சொல்லு. சட்டத்துக்கு ஒரு கேமரா, மனுஷனுக்கு ஒரு கேமரான்னு அந்த ரூமையே ரெண்டாப் பிரிச்சுட்டாரு, படத்தோட பேரும் அதுதான். நீதிபதி கெளம்புன பிறகும் சப்ஸியான வெச்சு ஷூட்டிங் தொடர்ந்துச்சு, அதையும் சேர்த்துத்தான் விசாரணைக் காட்சி எடிட் ஆச்சு. அப்ப பார்த்தது நிஜ விசாரணையா? பாதி ஆமா. கிட்டத்துல இருந்து பார்த்த அந்த முகம் நிஜமா? அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

மூணாவது கடைசி சீன். விடுதலையாகி வெளிய வர்ற சப்ஸியான நிஜ மக்மல்பாஃப் வந்து சந்திக்கிறாரு. இவரு உடைஞ்சு அழுறாரு. ரெண்டு பேரும் மோட்டார்சைக்கிள்ல ஏறி, வழியில பூச்செடி வாங்கிட்டு, அந்தக் குடும்பத்துகிட்ட மன்னிப்பு கேக்கப் போறாங்க. யூனிட் பின்னாடி வேன்ல வருது, மக்மல்பாஃப் சட்டையில மாட்டுன மைக் சரியில்ல, லூஸ் கான்டாக்ட்னு பேசிக்கிறாங்க. படம் முழுக்க நாம காத்திருந்த உரையாடல் இதுதான், அதுதான் கர் கர்னு அறுந்து அறுந்து வருது. மைக் கெட்டே போகல, கியரோஸ்தமி எடிட்டிங்ல வேணும்னே சவுண்ட வெட்டினதுதான்னு பின்னாடி அவரே சொன்னாரு. தான் உயிரா நினைச்ச ஆளோட முதுகப் பிடிச்சுக்கிட்டு போற ஒருத்தர் அந்த ஆள்கிட்ட சொல்றது நம்ம காதுக்கானது இல்லன்னு அந்த லூஸ் கான்டாக்ட் கதவச் சாத்துது. இதே சீன்ல பின்னணி இசை போட்டு முழுசாக் கேக்க விட்டிருந்தா கண்ணுல தண்ணி வந்திருக்கும், இவ்ளோ நாள் கழிச்சும் மனசுல கிடந்து அறுக்குமான்னா அறுக்காது.

## 25ஆ 65ஆ

படம் எடுக்குறதப் பத்தின படம்னு சொன்னேன்ல, அதுக்குப் பேரு மெட்டா சினிமா. கியரோஸ்தமி இத மூணு படத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெச்சாரு. 1987ல கோக்கர்ங்கிற வடக்கு ஈரான் கிராமத்துல உள்ளூர்ப் பசங்கள வெச்சு ஒரு படம் எடுத்தாரு. 1990 ஜூன்ல அந்தப் பகுதியில வந்த பூகம்பத்துல பல்லாயிரம் பேர் செத்துப் போயிட்டாங்க, நடிச்ச பசங்க உயிரோட இருக்காங்களான்னு தேடிப் போனாரு, அந்தத் தேடல 1992ல வேற நடிகர வெச்சுப் படமாக்குனாரு. அந்த ரெண்டாவது படத்துல வர்ற ஒரு சின்ன சீன எடுக்குறதுதான் 1994ல வந்த மூணாவது படமான 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' படத்தோட கதை. முதல் ஷாட்லயே ஒருத்தர் நேரா நம்மளப் பார்த்து, நான்தான் இதுல டைரக்டரா நடிக்கப் போற நடிகர்னு தன்னை அறிமுகப்படுத்திக்கிறாரு, கூத்துல வேஷம் வந்து நிக்கிற மாதிரியே.

அதுல ஹொசேன்னு ஒரு பையன் புருஷனா நடிக்கிறான். பூகம்பத்துல என் சொந்தக்காரங்க 65 பேர் செத்துட்டாங்கன்னு சொல்றது அவனோட டயலாக். ஒவ்வொரு டேக்லயும் 25ன்னு சொல்றான். டைரக்டர் கட் சொல்லிக் கேட்டா, எங்க வீட்டுல செத்தது 25 பேருங்க, அதான் வாயில அதுவே வருதுங்கிறான். திருத்தி மறுபடி எடுக்குறாங்க. படத்துக்கு 65 வேணும், அந்தப் பையனுக்கு 25 தெரியும். போஸ்ட்மாடர்னிசம்னா என்னன்னு ஐம்பது பக்கம் படிக்கிறத விட இந்த ஒரு சீன் நல்லாச் சொல்லிக் குடுக்கும். கதை தனக்குத் தேவையான கணக்கக் கேக்குது, செத்தவங்களோட கணக்கு வேற. அவனுக்கு மனைவியா நடிக்கிற பொண்ணத்தான் அவன் நிஜத்துலயும் கட்டிக்க ஆசைப்படுறான், அவ கேமரா ஓடாதப்ப அவனோட ஒரு வார்த்த பேச மாட்டா, அதனால அவங்க குடித்தனம் நடத்துற ஒரே இடம் அந்த சீன் மட்டும்தான்.

## மைக்க கழட்டாம போன பொண்ணு

பனாஹி இந்த 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' யூனிட்ல அசிஸ்டென்டா வேலை பார்த்தவரு. 1997ல அவர் எடுத்த 'தி மிரர்' படத்துல கையில மாவுக்கட்டோட ஒரு ஸ்கூல் பொண்ணு அம்மாவுக்காகக் காத்திருந்து, வரலன்னதும் தானே வீட்டுக்குக் கெளம்புது. பாதிப் படத்துல பஸ்ல வெச்சு கேமராவ நேராப் பார்க்குது, பார்க்காதன்னு ஒரு குரல் வருது, கட்டைக் கழட்டி எறிஞ்சுட்டு இனிமே நடிக்க மாட்டேன்னு இறங்கிப் போயிடுது. மைக் அது மேலேயே இருக்கு, அதனால யூனிட் தூரத்துல இருந்து பின்தொடருது. டெஹ்ரான் டிராஃபிக்ல பொண்ணு ஆளே தெரியாம மறைஞ்சுடும், குரல் மட்டும் நமக்குக் கேட்டுட்டே இருக்கும். அந்தக் கோவம் நிஜமா, அதுவும் எழுதினதான்னு படத்துக்குள்ள இருந்து கண்டுபிடிக்க வழியே இல்ல. ஆனா முதல் பாதியில டைரக்டர் காட்டின பயந்தாங்கொள்ளிக் குழந்தைக்கும், ரெண்டாவது பாதியில பெரியவங்கள நிறுத்தி வழி கேட்டு அதட்டிப் பேசுற குழந்தைக்கும் இருக்குற தூரத்தப் பாருங்க. பெரியவங்க எழுதுற குழந்தை எவ்ளோ சின்னதுன்னு அப்பதான் உறைக்கும்.

## இதுல இருக்குற உறுத்தல்

நிஜ ஆளுங்க அவமானப்பட்டத அவங்களையே வெச்சுத் திரும்ப நடிக்க வைக்கிறது நியாயமா? சப்ஸியான் தன்னோட ஏழ்மையையும் பொய்யையும் உலகமே பார்க்க விட்டாரு, பேரு கியரோஸ்தமிக்குப் போச்சு. ஏமாந்த குடும்பமும் வெகுளிங்கன்னு என்னைக்கும் ஃபிலிம்ல பதிஞ்சு போச்சு. அவங்க சம்மதிச்சாங்கங்கிறது உண்மை, சினிமா மேல ஆசை இருக்குறவங்க சம்மதம் எவ்ளோ சுதந்திரமானதுங்கிறது தனிக் கேள்வி. படம் இதுல இருந்து தப்பிச்சுடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சினிமா பேர வெச்சு ஒரு குடும்பத்துக்குள்ள நுழைஞ்ச ரெண்டாவது ஆள் நான்தான்ங்கிறத மறைக்காம, தன்னையும் அதே சட்டகத்துல நிறுத்துனாரு கியரோஸ்தமி. கேமராவ ஒளிச்சு வெச்சு எடுத்திருந்தா இந்தக் கேள்விய நாம கேட்டிருக்கவே மாட்டோம்.

## கேமராவே தடை ஆனப்ப

2010 டிசம்பர்ல பனாஹிக்கு 6 வருஷம் ஜெயில், 20 வருஷம் படம் எடுக்க, ஸ்கிரிப்ட் எழுத, பேட்டி குடுக்க, வெளிநாடு போகத் தடைன்னு தீர்ப்பு வந்துச்சு. அடுத்த வருஷமே அவரோட ஃப்ளாட்டுக்குள்ள எடுத்த 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' கான்ல திரையிடப்பட்டுச்சு. கேமராவப் பிடிச்சு எடுத்தது இன்னொரு டைரக்டரான மொஜ்தபா மிர்தஹ்மாஸ்ப், சில ஷாட் பனாஹியோட ஐஃபோன்ல. படம் எடுக்கத்தான தடை, எழுதின ஸ்கிரிப்ட வாசிச்சுக் காட்டத் தடை இல்லையேன்னு, கார்ப்பெட் மேல டேப் ஒட்டி, இது ஸ்கிரிப்ட்ல வர்ற பொண்ணோட ரூம், இது ஜன்னல், இங்க படுக்கைன்னு நின்னு காட்டிட்டே வர்றாரு. கொஞ்ச நேரத்துல குரல் அடைக்குது, சொல்லியே காட்டிட முடியும்னா எதுக்குப் படம் எடுக்கணும்னு நிறுத்திடுறாரு. இந்த இடத்துல மெட்டா சினிமாவ டெக்னிக்னு கூப்பிடவே எனக்கு மனசு வரல, அவருக்கு மிச்சம் இருந்தது அந்த டேப் மட்டும்தான்.

இந்தப் படங்களப் பார்க்க உட்காரும்போது ரெண்டே ரெண்டு விஷயத்தக் கவனிச்சாப் போதும்.

1. எங்க உடையுது? சவுண்டு போற இடம், கேமரா தெரியுற இடம், டேக் திரும்ப வர்ற இடம். அதுக்கு முந்தின நிமிஷம் நீங்க எத முழுசா நம்பிட்டிருந்தீங்கன்னு யோசிங்க, உடைச்சது அதத்தான்.

2. உடைச்சதால யாருக்குக் குரல் கிடைச்சது? ஹொசேனோட 25 மாதிரி ஏதாவது ஒண்ணு வெளிய வந்திருந்தா அது வேலை செஞ்ச டெக்னிக். எதுவுமே வரல, டைரக்டரோட சாமர்த்தியம் மட்டும்தான் தெரியுதுன்னா அந்தப் படத்த நீங்க தாராளமா விட்டுடலாம்.

2015ல பெர்லின் திரைப்பட விழாவோட பெரிய விருதான தங்கக்கரடிய வாங்கின 'டாக்ஸி' படத்துல பனாஹியே டாக்ஸி டிரைவரா வர்றாரு, டேஷ்போர்டுல வெச்ச சின்னக் கேமரா ஏறுறவங்க இறங்குறவங்க எல்லாரையும் பார்த்துட்டிருக்கு. கடைசியில யாரோ மறந்துட்டுப் போன பர்ஸக் குடுக்க வண்டிய விட்டு இறங்கிப் போறாரு. பைக்ல வந்த ரெண்டு பேர் டாக்ஸிக்குள்ள புகுந்து குடையிறாங்க, திரை இருட்டாகுது. அதுக்கப்புறம் வழக்கமா ஓட வேண்டிய பேர்ப் பட்டியல் ஓடல. அமைச்சகம் அனுமதிச்ச படத்துக்குத்தான் டைட்டில்ல பேர் போட முடியும், அதனால இந்தப் படத்துல வேலை செஞ்ச யாரோட பேரும் இல்லன்னு மட்டும் எழுத்து வருது.